படகு எஞ்சினில் கணினிக் கண்காணிப்பு: எங்கே லாபம், எங்கே ஆபத்து

படகில் கணினிப் பெட்டி பூட்டுவது பற்றிப் பேச்சு வந்தால், கிழக்கிலங்கைக் கரையில் வாழைச்சேனையிலும் சரி, கல்முனையிலும் சரி, ஆளுக்கு ஒன்றை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். ஒருவர் நினைப்பது ஆழ்கடல் படகுகளுக்கு அரசாங்கம் பூட்டச் சொன்ன கருவியை. இன்னொருவர் நினைப்பது புதிய நாலு ஸ்ட்ரோக் எஞ்சினோடு வரும் திரையை. மூன்றாமவர் பழைய டீசல் எஞ்சினில் தனியாகப் பொருத்தும் அலாரத்தைச் சொல்கிறார். மூன்றும் வெவ்வேறு வேலை செய்பவை. பிரித்துப் பார்க்காமல் "கணினி நல்லதா, கெட்டதா" என்று கேட்டால் பதிலே கிடைக்காது.

பெட்டிகள் மூன்று

1. இருப்பிடத்தைச் சொல்லும் பெட்டி. பல நாள் படகுகளில் உள்ள விஎம்எஸ் கருவி இதுதான். படகு எங்கே நிற்கிறது என்பதைச் செய்மதி வழியாகக் கரைக்கு அறிவிக்கும். 2014 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை அறிவித்தது. 2015 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்து 2016 ஜூனில் நீங்கியது. ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்க ஒழுங்கான ஏற்பாடு இல்லை என்பது அந்தத் தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இந்தப் பெட்டி நம் படகுகளுக்கு வந்த பின்னணி அது. எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று இதற்கு எதுவும் தெரியாது.

2. எஞ்சினைப் பார்க்கும் பெட்டி. வெப்பம், ஒயில் அழுத்தம், சுழற்சி வேகம், பற்றரி வோல்ட், எரிபொருள் ஓட்டம் ஆகியவற்றை அளந்து திரையில் காட்டும். எல்லை தாண்டினால் சத்தம் போடும். அதோடு அதன் வேலை முடிந்தது. இந்தப் பெட்டி செத்தாலும் எஞ்சின் ஓடும்.

3. எஞ்சினை நடத்தும் பெட்டி. ஈசியூ என்பது இதுதான். எரிபொருளை எந்த நொடியில், எவ்வளவு பீச்ச வேண்டும், தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று முடிவெடுப்பது இதுவே. கண்காணிப்பும் இதனுள்ளேயே கலந்திருக்கும். இது செத்தால் எஞ்சினும் நிற்கும்.

இந்தக் கட்டுரை இரண்டாவதையும் மூன்றாவதையும் பற்றியது. விற்பனைக்காரர் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவிடுவார். கடலில் அவை கொண்டுவரும் விளைவுகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

எஞ்சினில் ஆங்காங்கே சென்சர்கள் இருக்கும். கிராங்க் தண்டின் சுழற்சி, உள்ளே வரும் காற்றின் அழுத்தம், திரொட்டில் திறந்திருக்கும் அளவு, தண்ணீரின் வெப்பம், ஒயில் அழுத்தம் என ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அவை அனுப்பும் மின் அளவைப் பெட்டி எண்ணாக மாற்றும். 1980களில் பொஷ் நிறுவனம் கார்களுக்காக உருவாக்கிய கான் பஸ் என்ற முறையில்தான் இந்த எண்கள் வயரில் ஓடுகின்றன. படகுகளுக்கென அதன்மேல் கட்டியது என்எம்இஏ 2000 என்ற பொது ஒழுங்கு. இது இருந்தால் ஒரு நிறுவனத்தின் எஞ்சினும் இன்னொரு நிறுவனத்தின் ஜிபிஎஸ் திரையும் பேசிக்கொள்ளும். சில நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி இணைப்பு வைத்திருக்கின்றன. அந்த எஞ்சினை வாங்கினால் அவர்களுடைய திரையையோ இடைக் கருவியையோ தனிக் காசு கொடுத்து வாங்க வேண்டிவரும்.

நன்மை எங்கே கைக்கு வருகிறது

எஞ்சின் சூடாகிச் சாவது நம் கடலில் பழைய கதை. காரணம் பெரும்பாலும் குளிரூட்டும் தண்ணீர்தான். முகத்துவாரத்தை ஒட்டி மணல் கலங்கும். வெள்ளத்துக்குப் பிறகு வாவியில் ஆற்றுவாழை மிதந்து வரும். சொப்பிங் பை எந்தக் காலத்திலும் வரும். இவற்றில் ஏதாவது ஒன்று தண்ணீர் இழுக்கும் வாயை அடைத்துவிடும். அல்லது மணல் அரைத்து அரைத்து, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்துபோயிருக்கும். படகின் பின்பக்கம் வெளியே தொங்கும் அவுட்போட் மோட்டரில் பின்னால் பீச்சும் தண்ணீரைப் பார்த்து ஆள் கண்டுபிடிக்கலாம். ஆனால் இரவில், வலை இழுக்கும் அவசரத்தில் யார் திரும்பிப் பார்ப்பது? பல நாள் படகில் எஞ்சின் கீழே தனி அறையில் கிடக்கிறது. அங்கே பார்க்க ஆளே இல்லை.

எல்லை தாண்டும்போது கத்துகிற அலாரம் பழைய எஞ்சின்களிலும் உண்டு. கணினி புதிதாகச் செய்வது, எண்ணின் போக்கைக் காட்டுவது. உதாரணத்துக்கு ஒரு டீசல் எஞ்சின் 1,800 சுழற்சியில் வழக்கமாக 78 பாகையில் நிற்கிறது என்று வைப்போம். இந்தப் பயணத்தில் அதே சுழற்சியில், அதே பாரத்தில் 84 காட்டுகிறது. அலாரம் அடிக்கவில்லை, எஞ்சின் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அந்த 6 பாகையின் பின்னால் இம்பெல்லரோ, வெப்பம் மாற்றும் கூலரோ, தேர்மோஸ்டாட்டோ இருக்கிறது. கரையில் நிற்கும்போது தெரிந்தால் ஒரு இம்பெல்லரின் விலையோடு முடியும். கரையிலிருந்து பல நாள் தூரத்தில் தெரிந்தால் ஹெட் கேஸ்கெட்டும் போய், படகு நீரோட்டத்தோடு போகும். எஞ்சின் நின்று அந்தமான் பக்கம் அடித்துச் செல்லப்பட்ட படகுகளின் செய்தி இந்தக் கரைக்குப் புதிதல்ல. இந்த ஒரு காரணத்துக்காகவே பல நாள் படகு ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு கண்காணிப்பு இருந்தாக வேண்டும் என்பேன்.

டீசல் எஞ்சினில் தண்ணீரின் வெப்பத்தை மட்டும் அளப்பது போதாது. கடல்நீர் நின்றவுடன் முதலில் சுடுவது புகைக்குழாய். கடல்நீர் அதற்குள் விழுந்துதான் அதைக் குளிர வைக்கிறது. எஞ்சினைச் சுற்றும் நன்னீர் சூடேறக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆகவே புகைக்குழாய் வளைவில் ஒரு வெப்ப சென்சர் வைத்தால், மற்ற மீற்றர் அசையும் முன்பே அது கத்தும். சின்னச் செலவு, பெரிய காப்பு.

அடுத்தது எரிபொருள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் கனமான படகுக்குத் தேவைப்படும் வலு, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும் என்பது பொதுவான கணக்கு. வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் தேவைப்படும் வலு ஏறத்தாழ 27 சதவீதம் குறையும். இது ஓட்டுபவரின் காதுக்குத் தெரியாது. மணிக்கு இத்தனை லீற்றர், கடல் மைலுக்கு இத்தனை லீற்றர் என்று திரையில் ஓடும்போது, எந்தச் சுழற்சியில் போனால் காசு மிஞ்சும் என்று அவருக்கே தெரிந்துவிடும். மீன்பிடித் தளத்துக்குப் போகவும் வரவும் நாட்கள் செலவாகும் படகில் இது சில்லறைக் காசு அல்ல.

ஒரு எச்சரிக்கை. ஈசியூ உள்ள எஞ்சினில் எரிபொருள் கணக்கு, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதிலிருந்து வரும் மதிப்பீடு. பழைய டீசலில் அதற்கெனத் தனி மீற்றர் பூட்ட வேண்டும். டீசல் எஞ்சின் இழுத்த எண்ணெயில் ஒரு பகுதியைத் திரும்பத் தாங்கிக்கு அனுப்பிவிடும். ஆகவே போகும் குழாயில் ஒரு மீற்றர், திரும்பும் குழாயில் ஒரு மீற்றர் என இரண்டு தேவை. ஒன்றை மட்டும் பூட்டிவிட்டு "எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது" என்று சண்டை பிடிப்பது வீண். எந்த முறையானாலும், தாங்கியை நிரப்பி உண்மையில் எவ்வளவு பிடித்தது என்று ஒப்பிட்டுத் திருத்தும் வரை அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

எண்ணெய்க் கணக்கு கரையில் இன்னொரு இடத்திலும் தட்டுப்படும். செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு பிரிக்கும் படகில், எரிபொருள்தான் மிகப் பெரிய செலவு. திரையின் பதிவை முதலாளி மட்டும் பார்த்தால் அது தொழிலாளர்மேல் வைத்த காவல். எல்லாரும் பார்த்தால் அது கணக்கு. பூட்டுவதற்கு முன்பே இதைப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

பழைய எஞ்சின் வாங்குபவருக்கும் ஒரு லாபம் உண்டு. ஈசியூ மொத்த ஓட்ட மணியையும், எந்தச் சுழற்சியில் எத்தனை மணி ஓடியது என்பதையும், சில எஞ்சின்களில் எத்தனை முறை சூடேறியது என்பதையும் வைத்திருக்கும். பெயின்ட் அடித்து மினுக்கிய எஞ்சினின் உண்மை வயது அதில் இருக்கிறது.

உப்பு பிடித்தால் சென்சர் பொய் சொல்லும்

தீமைகளில் இதைத்தான் முதலில் வைக்க வேண்டும், ஏனென்றால் வெளியே தெரியாமல் நடப்பது இது.

வெப்ப சென்சருக்குள் இருப்பது ஒரு சின்ன மின்தடை. சூடு ஏற ஏற அதன் தடை குறையும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 20 பாகையில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 பாகையில் 320 ஓம் அளவில் இருக்கும். தடை கூடினால் குளிர், குறைந்தால் சூடு என்று பெட்டி எடுத்துக்கொள்ளும். இனிப் பிளக்கைப் பாருங்கள். கடற்காற்று பட்டு உள்ளே உள்ள செம்பு ஊசியில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. களிம்பும் ஒரு தடைதான். எஞ்சின் உண்மையில் 80 பாகையில் நிற்கும்போது களிம்பு இன்னொரு 200 ஓமைச் சேர்த்தால், பெட்டிக்குப் போவது 520 ஓம். அது திரையில் காட்டுவது 65 பாகைக்குக் கிட்ட. எஞ்சின் கொதிக்கப் போகும் நேரத்தில் திரை நிதானமாக இருக்கும்.

வயர் முற்றாக அறுந்தால் பெட்டி அதைக் கண்டுபிடித்துப் பழுதுக் குறியீடு காட்டும். பாதி கெட்ட பிளக்கை அதனால் கண்டுபிடிக்க முடியாது. வரும் எண் நம்பக்கூடிய எல்லைக்குள்தானே இருக்கிறது. சென்சர்களில் பெரும்பாலான பழுது சென்சரில் இல்லை, பிளக்கில்தான்.

அப்போ என்ன செய்வது? பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, மின்சாரம் கடத்தாத சிலிக்கன் கிரீஸ் பூசிப் பூட்ட வேண்டும். நமக்கு இதற்கு இயல்பான ஒரு காலம் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று எழுந்து படகுகள் கரையேறும் நாட்களில் இதைச் செய்யலாம். அதே நேரம் பற்றரியின் பிரதான சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும். சில பெட்டிகள் எஞ்சின் நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றரியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அத்தோடு, கணினியோடு தொடர்பில்லாத பழைய ஊசி மீற்றர் ஒன்றை, தனி சென்சரோடு, வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு சொன்னால் ஏதோ ஒன்று பொய் என்றாவது தெரியும்.

எஞ்சின் தன்னைக் காப்பாற்றும், படகை அல்ல

ஈசியூ உள்ள அவுட்போட் மோட்டர்களில் ஒரு காப்பு உண்டு. சூடு ஏறினாலோ ஒயில் அழுத்தம் விழுந்தாலோ பெட்டி தானாகவே வேகத்தைக் குறைக்கும். யமஹாவின் பல மாதிரிகளில் சுழற்சி ஏறத்தாழ 2,000க்கு இறங்கிவிடும். திரொட்டிலை எவ்வளவு முறுக்கினாலும் ஏறாது. மெர்குரி, சுசுகி போன்றவற்றிலும் இதே எண்ணத்தில் அமைந்த காப்பு இருக்கிறது. எஞ்சினைப் பொறுத்தவரை இது அருமையான ஏற்பாடு. பல லட்சம் ரூபா எஞ்சின் ஒரு சொப்பிங் பையால் எரிந்துபோவதைத் தடுக்கிறது.

ஆனால் அது நடக்கும் இடத்தை யோசியுங்கள். பாலமீன்மடு முகத்துவாரத்தில், வெளியே போகும் ஓட்டமும் உள்ளே வரும் அலையும் மோதும் இடத்தில், படகு மணல்திட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. அங்கே படகைக் காப்பது வேகம் மட்டும்தான். அலைக்கு முன்னால் ஓட வேண்டும், அல்லது அதன் முதுகில் ஏறிப் போக வேண்டும். அந்த இடத்தில்தான் மணலும் கலங்கும், தண்ணீர் வாயும் அடைபடும், சென்சரும் சூடு என்று சொல்லும். பெட்டி வேகத்தைக் குறைக்கும். படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் அந்த அரை நிமிடத்தைத் தாக்குப்பிடித்துத் தாண்டி, அப்புறம் எரிந்துபோயிருக்கலாம். எஞ்சின் போகட்டும், ஆள் கரைக்கு வந்திருப்பான்.

பெரிய கப்பல்களில் இப்படிப்பட்ட காப்பை மீறும் ஏற்பாடு உண்டு. ஆபத்து நேரத்தில் முடிவு எஞ்சினுடையதாக இல்லாமல் தலைவருடையதாக இருக்க வேண்டும் என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை. சிறு படகு எஞ்சின்களில் அது பொதுவாகக் கிடையாது. நம் கரையில் ஈசியூ எஞ்சின் விற்பவர்கள் இதை வாய் திறந்து சொல்ல வேண்டும். ஓட்டுபவரும் காப்பு வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முகத்துவாரத்தைத் தாண்டும் முன், ஆழமான அமைதித் தண்ணீரில் சில நிமிடம் வேகமாக ஓட்டி, வெப்பம் நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே அலைக்குள் இறங்க வேண்டும்.

மின்சாரம் இல்லாவிட்டால்

பழைய டீசல் எஞ்சினுக்கு மின்சாரம் கிளப்புவதற்கு மட்டும்தான். கிளம்பிவிட்டால் எரிபொருள் பம்பு கியரில் ஓடும். பற்றரி செத்தாலும் வீடு வந்து சேரலாம். ஈசியூ சொல்லும்படி எரிபொருளைப் பீச்சும் கொமன் ரெயில் டீசலும் எரிபொருள் பீச்சும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினும் அப்படி இல்லை. அவற்றில் பெட்டிக்கு மின்சாரம் அறுந்த நொடியில் எஞ்சின் நிற்கும். ஓடும் எஞ்சினில் பற்றரி 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12க்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தால் ஒல்டர்னேற்றரோ பெல்டோ போய்விட்டது. கரைக்குத் திரும்ப வேண்டிய நேரம் அது. இடிமின்னலும் சேரும். பருவம் மாறும் மாதங்களில் பின்னேரம் இடி விழுந்தால் பெட்டி கருகலாம், எஞ்சின் இரும்பு முழுதாக இருந்தாலும்.

பழுது பார்ப்பது யார்?

கணினி இல்லாத பழைய காபரேற்றர் எஞ்சினை நம் கரையில் இரும்புப் பெட்டியோடு வரும் பாஸ் ஒருவர் மணலில் வைத்தே பிரித்துப் பூட்டுவார். ஈசியூ எஞ்சினுக்கு நிறுவனத்தின் மென்பொருள், அதற்கான கேபிள், மடிக்கணினி மூன்றும் வேண்டும். அவை முகவரிடம்தான் இருக்கும். பெட்டியே போனால் கொழும்பிலிருந்து வர வேண்டும். மட்டக்களப்பிலிருந்து அது 300 கிலோமீற்றருக்கு மேல். பருவத்தில் ஒரு வாரம் படகு கரையில் கிடந்தால் என்ன நட்டம் என்று படகுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பழுதுக் குறியீடு வந்தால் எங்கே தேடுவது என்று தெரியும். ஊகத்தில் சாமான் மாற்றிக் காசைக் கரைக்க வேண்டியதில்லை. கருவி வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் கிட்ட இருந்தால் கணினி எஞ்சின் பழுது பார்க்கச் சுலபமானதுதான். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து ஒரு கருவியை வாங்கி, ஒரு இளைஞரைப் பயிற்சிக்கு அனுப்பினால் இந்தக் குறை பாதியாகும். தனி ஆள் செய்ய முடியாததை இங்கே சங்கம் செய்யலாம்.

எந்தப் படகுக்கு எது

1. பல நாள் படகு. என் முடிவு: எஞ்சினை எளிய இயந்திர டீசலாகவே வைத்திருங்கள், பார்க்கும் பெட்டியைத் தனியாகப் பூட்டுங்கள். ஒயில் அழுத்தம், நன்னீர் வெப்பம், புகைக்குழாய் வெப்பம், அறைக்குள் தண்ணீர் ஏறுவது, வோல்ட் ஆகிய ஐந்தும் முதலில். எரிபொருள் மீற்றர் பிறகு. சைரன் ஒன்று படுக்கும் இடத்திலும் இருக்கட்டும்.

2. அலைக்குள் இறங்கும் சிறிய பைபர் படகு. இங்கேதான் முடிவு கடினம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக்கின் மலிவு அடிபட்டது. நாலு ஸ்ட்ரோக் குறைவாகக் குடிக்கும், ஆனால் பெற்றோல்தான் கேட்கும், கனமும் கூட. தினமும் முகத்துவாரமோ அலையோ தாண்டும் படகுக்கு, வேகத்தைக் குறைக்கும் காப்பு பற்றித் தெளிவான பதில் கிடைக்கும் வரை நான் அவசரப்பட மாட்டேன்.

3. வாவியிலும் பாசிக்குடா, அறுகம்பை பக்கமும் ஓடும் சுற்றுலாப் படகு. ஈசியூ எஞ்சின் தாராளமாக வாங்கலாம். கரை கிட்ட, சத்தம் குறைவு, புகை குறைவு, ஆட்கள் ஏறும் படகில் எச்சரிக்கையும் தேவை.

முற்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. பெட்டி செத்தால் எஞ்சின் ஓடுமா, நிற்குமா?
2. சூடு ஏறினால் வேகம் தானாகக் குறையுமா? எத்தனை சுழற்சிக்கு? மீற வழி உண்டா?
3. திரை என்எம்இஏ 2000 முறையில் பேசுமா, அந்த நிறுவனத்தின் திரை மட்டும்தானா?
4. பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவி மட்டக்களப்பு அல்லது அம்பாறை மாவட்டத்தில் யாரிடம் இருக்கிறது? பெயரும் தொலைபேசியும் தரச் சொல்லுங்கள்.
5. உத்தரவாதம் உப்பால் கெட்ட வயரையும் பிளக்கையும் மூடுமா? வாயால் சொன்னால் போதாது, கடதாசியில் எழுதி வாங்குங்கள்.